பச்சை பிடித்தல்

பிரெஞ்சில் 'க்ரெஃப்' என்று ஒரு சொல் உண்டு. மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதும் க்ரெஃப்தான். இறந்தவரின் இதயத்தை எடுத்து இன்னொருவர் நெஞ்சில் வைத்துத் தைப்பதும் க்ரெஃப்தான். தோட்டக்காரருக்கும் அறுவை மருத்துவருக்கும் ஒரே சொல் போதுமாக இருக்கிறது. தமிழில் நமக்கு அந்த வசதி இல்லை. ஒட்டு என்றால் மரம், நடவு என்றால் நெல், உறுப்பு மாற்று என்றால் ஆஸ்பத்திரி. 'மாற்று' என்ற சொல்லில் வேரும் இல்லை, ஈரமும் இல்லை. தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவது போலத்தான் அது காதில் விழுகிறது. அதனாலோ என்னவோ, ஊர் விட்டு வந்தவர்கள் நம்மைப் பற்றி எழுதும்போது வயலுக்கும் தோட்டத்துக்கும் மட்டுமே போகிறோம். பிடுங்கி நட்ட நாற்று, வேரறுந்த மரம், தொட்டிச் செடி. புலம்பெயர் இதழ்களின் பழைய பிரதிகளைப் புரட்டினால் ஒரு நர்சரியே வைத்துவிடலாம். (அதில் என் கன்றுகளும் இரண்டு உண்டு.) பிரெஞ்சுக்காரர்கள் சிலர் இதே உருவகத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே போனதும் கேள்வியே வேறாகிவிட்டது.

ழான்-லுக் நான்ஸி ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். 1940இல் பிறந்து 2021இல் மறைந்தார். நான் அதே ஊரில் இரண்டு வருடம் கணினி முதுகலை படித்தேன். அவர் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் பட்டம் வாங்கிக்கொண்டு துபாய்க்கு விமானம் ஏறினேன். 1990களின் தொடக்கத்தில், ஐம்பது வயதை ஒட்டி, அவருக்கு இதய மாற்று அறுவை நடந்தது. ஏறக்குறைய பத்தாண்டுகள் அதைப் பற்றி எழுதாமல் இருந்தார். பிறகு, துனிசியாவில் பிறந்த எழுத்தாளர் அப்தெல்வஹாப் மெத்தெப் நடத்திய 'தெதால்' என்ற இதழ், அந்நியரின் வருகை என்ற பொருளில் ஒரு கட்டுரை கேட்டது. பிரான்சில் அப்போது காகிதம் இல்லாத குடியேறிகள் பற்றித்தான் பேச்சு. 1996 ஆகஸ்டில் பாரிஸின் சேன்-பெர்னார் தேவாலயத்தில் தங்கியிருந்தவர்களை, போலீசார் கோடரியால் கதவை உடைத்து வெளியேற்றியிருந்தார்கள். இதழ் கேட்டது குடியேறிகளைப் பற்றி. நான்ஸி தன் நெஞ்சைத் திறந்து காட்டினார். 'லான்த்ரு' என்ற அந்தச் சிறு நூல் 2000இல் தனியாக வெளிவந்தது.

தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'அழையா விருந்தாளி' என்று சொல்லிப் பார்த்தேன், பொருந்தவில்லை. நம் மொழியில் அழைக்காமல் வந்தவரும் விருந்தாளிதான், இலையைப் போட்டுவிடுவோம். 'வந்தேறி' என்றால் கல்லெறிவது போல இருக்கிறது. நான்ஸி சொல்ல வந்தவன் இரண்டுக்கும் நடுவில் நிற்பவன்: உரிமையில்லாமல் உள்ளே வந்துவிட்டவன், ஆனால் வந்ததால்தான் வீட்டுக்காரன் உயிரோடு இருக்கிறான். வருகிறவனிடம் அந்நியமாக எதுவும் மிச்சமில்லாதபடி எல்லாவற்றையும் எதிர்பார்த்து, அளந்து, பழக்கி உள்ளே விட்டால் வந்தவன் அந்நியனே அல்ல என்கிறார். அந்நியனை அந்நியனாகவே உள்ளே விடுவதுதான் கடினம்.

இந்தக் கட்டுரையை முதலில் படித்தபோது என்னைத் தடுக்கி விழ வைத்தது ஒரு சின்ன விஷயம். நான் பழகிய உருவகத்தில் 'நான்' எப்போதும் நடப்படுகிற செடி. ஏற்கிற மண், மறுக்கிற மண் என்று மண்ணைப் பற்றித்தான் குறை. நான்ஸியின் 'நான்' செடி அல்ல, மண். அவருடைய உடம்புக்குள்தான் அந்நியர் வருகிறார். அந்த இதயம் தன்னைவிட இருபது வயது இளையதாக இருக்கலாம், ஒரு கறுப்பினப் பெண்ணுடையதாகவும் இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கிறார். அதை உடம்பு ஏற்க வேண்டுமானால் உடம்பு தன் காவலைத் தளர்த்த வேண்டும். சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் அதைத்தான் செய்கின்றன. அந்த மருந்து வருவதற்கு முந்தைய காலமாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். மருந்தை ஒரு நாளும் நிறுத்த முடியாது. காவல் தளர்ந்ததும் அவருக்குள்ளேயே சின்ன வயதிலிருந்து உறங்கிக் கிடந்த கிருமிகள் விழித்துக்கொள்கின்றன; அக்கி வருகிறது, சில ஆண்டுகளில் புற்றுநோயும் வருகிறது. வந்த இதயம் செய்த கேடு அல்ல இது. அவருடைய சொந்தச் சரக்கு. இன்னும் பின்னால் போய் யோசித்தால், முதன்முதலில் அவரைக் கைவிட்டதே பிறவியில் வந்த அவருடைய சொந்த இதயம்தான். யார் வீட்டுக்காரர், யார் வந்தவர்?

துபாயில் நான் நடக்கும் சாலையோரத்தில் வேப்பமரங்கள் நிற்கின்றன. கராமாவின் பழைய தெருக்களிலும் உண்டு. சவூதியில் ஹஜ் பயணிகளுக்கு நிழலாக அரஃபாத் சமவெளியில் நட்டது ஐம்பதாயிரம் வேம்பு. ஊரிலிருந்து வருகிறவர்கள் வேம்பைக் கண்டதும் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். நகரத்துச் சாலையோர மரங்களின் அடியில் குனிந்து பார்த்தால் விரல் தடிமனில் ஒரு கறுப்புக் குழாய் வட்டமாகச் சுற்றியிருக்கும். சுத்திகரித்த கழிவுநீர் அதில் சொட்டிக்கொண்டே இருக்கும். மரம் ஆள் உயரத்தைத் தாண்டி மாடி உயரம் வளர்ந்த பிறகும் குழாயை எடுப்பதில்லை. நான்ஸியின் மாத்திரை, இந்தக் குழாய், என் கடவுச்சீட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்த விசா மூன்றும் ஒரே சாதி. அந்த விசாவுக்காக ஒவ்வொரு முறையும் ரத்தம் கொடுத்து மார்பு எக்ஸ்ரே எடுக்கிறோம். திசுப் பொருத்தம் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்ஸி சொன்ன, அளந்து எடுத்துப் பழக்கி உள்ளே விடும் முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நாம் ஊடுருவியவர்கள் அல்ல. பெயர், வேலை, சம்பளம், நுரையீரல் எல்லாம் தெரிந்து வரவழைக்கப்பட்டவர்கள்.

அந்தக் குழாய் இல்லாமல் நிற்கிற மரமும் இங்கே உண்டு. காஃப் என்பார்கள்; 2008இல் அமீரகத்தின் தேசிய மரமாக அறிவித்தார்கள். பல பத்து மீட்டர் ஆழத்துக்கு வேர் இறக்கி, பாலைமணலுக்கடியில் தண்ணீர் தேடிக்கொள்ளும். இதுதான் இந்த மண்ணின் மரம், வேம்பு நம்முடையது என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, காஃப் நம்முடைய வன்னி. விருத்தாசலம் கோயிலின் தலமரம் அதே மரம்தான். என் அம்மா ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் சுற்றி வந்து தொட்டுக் கும்பிட்ட மரத்தை, நான் இங்கே பதினெட்டு ஆண்டுகளாக அரபிகளின் மரம் என்று ஒதுக்கிக் கடந்துகொண்டிருந்தேன். செடி உருவகத்தின் சிக்கல் இதுதான்: எது யாருடைய செடி என்று நமக்கே தெரியாது.

இந்த நாட்டில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் குடிமக்கள் அல்லாதவர்கள். உடம்பின் பெரும்பகுதி வந்து பொருந்தியது என்றால், எது உடம்பு, எது ஒட்டு? சட்டத்துக்கு அதில் குழப்பம் கிடையாது. அரபியில் எங்களை 'வாஃபிதீன்' என்பார்கள், வந்தவர்கள் என்று பொருள். முப்பது ஆண்டு இருந்தாலும் வந்தவர்தான், வந்து முடிந்தபாடில்லை. 2019இல் தங்க விசா தொடங்கியது. 2021 ஜனவரியில், பரிந்துரைக்கப்படும் சில முதலீட்டாளர்களுக்கும் துறை வல்லுநர்களுக்கும் குடியுரிமை தரலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். கட்டட வேலைக்காரருக்கோ எனக்கோ அதனால் பெரிய மாற்றம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒப்பந்தம் என்ன என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது, நம்மிடம். வேர்விட அனுமதி இல்லை என்பதை நாம் எவ்வளவு சௌகரியமாகப் பயன்படுத்திக்கொண்டோம்! என் அரபிச் சொற்களை எண்ணினால் இரண்டு கை விரலுக்குள் அடங்கும்: யல்லா, கல்லாஸ், மாஃபி, ஹபீபி இப்படி. அரபி நண்பர் வீடு என்று சொல்லி உட்கார்ந்து சாப்பிட்ட நாள் ஒன்றுகூட இல்லை. தமிழ்க் கடை, தமிழ்ப் பட்டிமன்றம், பொங்கல் விழா, ஊரில் கட்டுகிற வீட்டுக்குத் தளம் போட்ட படம். நம் உடம்பின் காவல் ஒரு நிமிடமும் தளரவில்லை. நான்ஸி விழுங்கிய மருந்தை நாம் தொடவே இல்லை. அவர்கள் நம்மை மறுத்தார்கள் என்கிறோம். நமக்குள் ஏதாவது வர விட்டோமா? கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் வாசகர்கள் இதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே குடியுரிமை கிடைத்த பிறகும் காவல் தளர்ந்ததா என்பது அவரவருக்குத் தெரியும்.

அம்மாவிடம் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. நாங்கள் பாபநாசம் பக்கம். நாற்றங்காலிலிருந்து பறித்து நட்டதும் பயிர் ஒரு வாரம் பத்து நாள் மஞ்சளாகத் துவண்டு கிடக்கும். பிறகு பச்சை பிடிக்கும். ஆனால் நாற்றங்காலில் நாள் கடந்து நின்றதை நட்டால் பயிர் சாகாது, ஒழுங்காகத் தூர் கட்டாது. "நீ முத்துன நாத்து தம்பி. இருபத்தெட்டு வயசுல போனா எங்க தூர் கட்டும்?" என்பார். அவருக்கு நான் திரும்பி வர வேண்டும் என்பதுதான் உள்ளே இருக்கும் கணக்கு. என் மகளுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அவள் பிறந்ததே இங்கே. அவளை யாரும் எங்கிருந்தும் பறிக்கவில்லை. பாபநாசம் அவளுக்கு இரண்டு வாரக் கொசுக்கடி. 'சொந்த ஊர் எது' என்று கேட்டால் துபாய் என்கிறாள், கடவுச்சீட்டு வேறு சொல்கிறது. அவளிடம் போய் நடவுக் கதை சொன்னால், "நான் எந்த நாத்தும் இல்லப்பா" என்கிறாள். சரிதான்.

க்ளேர் தெனி ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுக் காலனிகளில் வளர்ந்த இயக்குநர். நான்ஸியின் நூலைக் கையில் எடுத்துக்கொண்டு அதே பெயரில் 2004இல் ஒரு படம் எடுத்தார். நூலில் கதை இல்லை, படத்திலும் கதை லேசில் பிடிபடாது. ஸ்விஸ் எல்லையோரத்து ஜூரா காட்டில் நாய்களோடு வாழும் கிழவன் (மிஷேல் சுபோர் நடித்தது) கள்ளச் சந்தையில் ஓர் இளம் இதயத்தை விலைக்கு வாங்குகிறான். பக்கத்திலேயே இருக்கும் மகனை அவன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. புதிய இதயத்தோடு கொரியா வழியாகத் தாஹிட்டிக்குப் போகிறான், எப்போதோ அங்கே விட்டுவந்த இன்னொரு மகனைத் தேடி. அந்த மகன் கிடைக்கவில்லை. தீவுக்காரர்கள் ஊர் இளைஞர்களை வரிசையில் நிறுத்தி, கிழவனுக்கு ஒரு மகனைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள். அந்தக் காட்சியில் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். கடைசியில், அவன் வாங்கிய இதயம் கைவிட்ட மகனுடையதோ என்ற ஐயத்தைப் படம் நம்மிடம் போட்டுவிட்டு நகர்கிறது. நேராகச் சொல்வதில்லை.

நான்ஸி எழுதாத ஒன்றைத் தெனி சேர்த்தார்: பணம். இதயத்துக்கு ஒரு திசை இருக்கிறது, இளையவரிடமிருந்து மூத்தவருக்கு, இல்லாதவரிடமிருந்து இருப்பவருக்கு. ழோர்ழ் ஃப்ரான்ஜு 1960இலேயே இதைத் தொட்டிருந்தார்; அவர் படத்து மருத்துவர் தன் மகளுக்குப் பொருத்த வெளியூர்ப் பெண்களின் முகத்தை உரித்தெடுக்கிறார். நமக்கு இதற்குப் பிரெஞ்சுப் படம் தேவையில்லை. 1980களில் சென்னை வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்ற கைகள் எத்தனை! கிட்னிவாக்கம் என்றே அந்தப் பகுதிக்குப் பெயர் விழுந்தது. 1994இல் இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்ததற்கு அந்த வியாபாரமும் ஒரு காரணம். ஒட்டு, நடவு, வேர் என்று கவிதையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, யாருடைய உடம்பிலிருந்து எடுத்தது என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. வளைகுடா நகரங்களின் கோபுரங்களைப் பார்த்து நாம் கட்டியது என்று பெருமை பேசுகிறோம். நானோ குளிரூட்டிய அறையில் சர்வர் பார்த்தவன். ஆகஸ்டு மாதத்தில் கம்பி கட்டியவர் வேறு ஆள்.

கள்ளச் சந்தையை விட்டுவிட்டு, கேட்டுப் பெறும் முறைக்கு வருவோம். மைலிஸ் தெ கெராங்காலின் நாவல் ஒன்று 2014இல் வந்தது. பெயரை 'உயிரோடிருப்பவர்களைச் சீர்செய்தல்' என்று தமிழாக்கலாம். காத்தெல் கிலெவெரே 2016இல் அதைப் படமாக்கினார். ல ஆவ்ர் நகரத்தில் அலைச்சறுக்கு முடிந்து திரும்பும் பத்தொன்பது வயதுப் பையன் வேன் விபத்தில் மூளைச்சாவு அடைகிறான். இருபத்து நான்கு மணி நேரத்தில் அவன் இதயம் பாரிஸில் ஐம்பது வயதுப் பெண்ணின் நெஞ்சில் துடிக்கிறது. நம் வாசகர்களுக்கு உடனே 2008 செப்டம்பர் நினைவுக்கு வரும். திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன், சாலை விபத்து, சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டுக் கொண்டுபோன இதயம், முகப்பேரில் காத்திருந்த ஒன்பது வயதுச் சிறுமி. மலையாளத்தில் 'டிராஃபிக்', தமிழில் 2013இல் 'சென்னையில் ஒரு நாள்'. நம் படங்களின் உச்சம் ஓடும் காரில் இருக்கிறது. கெராங்காலின் உச்சம் ஒரு சின்ன அறையில் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளராக இருக்கும் செவிலியர் பெற்றோரிடம் கேட்கிறார். பிரெஞ்சுச் சட்டப்படி, 1976 முதல், உயிரோடிருக்கும்போது மறுக்காதவர் சம்மதித்தவராகவே கொள்ளப்படுவார். இருந்தும் கேட்கிறார், காத்திருக்கிறார். பெற்றோர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கண்ணை மட்டும் மறுக்கிறார்கள். அறுவை மேசையில், இதயத்தை நிறுத்தும் முன், அந்தச் செவிலியர் எல்லோரையும் பொறுக்கச் சொல்லிவிட்டு, பையனின் காதில் வீட்டாரின் பெயர்களைச் சொல்லிக் கடலோசையைக் கேட்க வைக்கிறார். மருத்துவத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த நாவலில் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தப் பயனற்ற ஒரு நிமிடம்தான்.

இதையே நாங்கள் வாழும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஜெபல் அலி பக்கம் சாரத்திலிருந்து விழுந்தவர். மனைவி அறந்தாங்கியில். அந்தச் சின்ன அறை இங்கே ஒரு தொலைபேசி அழைப்பு. கேட்பவருக்குத் தமிழ் தெரியாது; இடையில் கம்பெனி ஆள் ஒருவர் மொழிபெயர்க்கிறார். உடல் ஊருக்கு வர வேண்டிய காகிதங்களும் அந்தக் கம்பெனி கையில்தான். 'மூச்சு ஓடுதுன்னு சொல்றீங்க, அப்புறம் எப்படி செத்துட்டார்னு சொல்றீங்க' என்று அவள் கேட்டால் யார் உட்கார்ந்து விளக்குவார்கள்? அவள் தரும் சம்மதம் சம்மதமா? பெட்டி திறந்து தையலைக் கண்டதும் ஊரில் பரவும் பேச்சு நமக்குத் தெரிந்ததே. உறுப்புக் கொடையின் பெருமையைப் பேசும் என் போன்றவர்கள் முதலில் இந்த அழைப்பை நேர்செய்யப் பேச வேண்டும்.

சட்டம் தன் பங்கைச் செய்துவிட்டது. சவூதியின் மூத்த உலமாக்கள் 1982இலேயே உறுப்புக் கொடை ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அவை மூளைச்சாவை ஏற்றது. அமீரகத்தில் 2016இல் புதிய சட்டம், 2017இல் மூளைச்சாவுக்கு வரையறை, அந்த டிசம்பரில் அபுதாபியில் நாட்டின் முதல் இதய மாற்று. 'ஹயாத்', அதாவது உயிர், என்ற பெயரில் தேசியத் திட்டம் நடக்கிறது. குடிமகனா வெளிநாட்டவனா என்ற பாகுபாடு இல்லாமல் எமிரேட்ஸ் அடையாள அட்டை வைத்திருப்பவர் பதியலாம்.

போன ரமலான் மாதத்தில் நான் பதிந்தேன். அதற்கு முன் ஒருமுறை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். இங்கே ஒருவர் இறந்தால் விசாவை ரத்து செய்வார்கள். தூதரகத்தில் கடவுச்சீட்டை ரத்து செய்வார்கள். உடம்புக்கு மருந்தேற்றிப் பெட்டியில் வைத்து, எடை பார்த்து, சரக்காக அனுப்புவார்கள். எல்லாக் கணக்கும் அன்றே முடிந்துவிடும், ஒரு சிறுநீரகம் தவிர. அது ஷார்ஜாவிலோ அல் ஐனிலோ, விசா இல்லாமல், யாருடைய பெயரும் இல்லாமல், ஓர் எமிராத்திக்குள்ளோ எகிப்தியருக்குள்ளோ பிலிப்பைன்ஸ்காரிக்குள்ளோ வேலை செய்துகொண்டிருக்கும். அந்த உடம்பு தினமும் மாத்திரை போட்டு அதைப் பொறுத்துக்கொண்டிருக்கும். இதைத் தியாகம் என்று நான் எண்ணவில்லை. இந்த நாடு கடைசியாக ஒன்றைக் கறந்துகொள்வதாகவும் எண்ண முடியவில்லை. அறந்தாங்கிப் பெண்ணின் விஷயத்தில் இரண்டாவது எண்ணம் சரியாக இருக்கலாம். எனக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமும் படிப்பும் மொழியும் இருந்தன, அவளுக்கு இல்லை.

மனைவி சம்மதித்தாள், கண்ணைத் தவிர. அவள் அந்த நாவலைப் படித்ததில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "நல்ல நாள்ல வாயில நல்ல வார்த்தை வராதா" என்று போனை வைத்துவிட்டார். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே அழைத்தார்.

"யாருக்கு வைப்பாங்கன்னு சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்கம்மா."

"பொருந்துமா?"

"மாத்திரை சாப்பிட்டா பொருந்தும்."

"எத்தனை நாளைக்கு?"

"காலம் பூரா."

"பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பிறகு, மழை இல்லை, பம்பு செட்டில் தண்ணீர் குறைந்துவிட்டது, மேட்டூர் திறந்தால்தான் குறுவைக்கு நாற்று விட முடியும் என்று குத்தகைக்காரர் சொல்லிவிட்டுப் போனார் என்று பேச ஆரம்பித்தார்.